பக்கத்துப் பாத்தி

கேன் நிரம்பி வழிந்து குளியலறைத் தரையெல்லாம் ஓடியும் மங்கையர்க்கரசி குழாயை மூடவில்லை. மூடினால் கிளம்ப வேண்டும். கிளம்பினால் பாலத்தடிக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தால் அங்கே பெனிட்டா நிற்பாள், நேற்றுதான் ஊரிலிருந்து திரும்பிய பெனிட்டா, அவள் பக்கத்தில் அவளுடைய காகிதப்பூச் செடி நிற்கும், நிற்குமா, கொம்பும் குச்சியுமாகச் செத்து நிற்கும், செத்த பிறகும் செடி நின்றுகொண்டுதானே இருக்கிறது, மனிதர்களைப் போல விழுந்து தொலைத்தாலாவது யாராவது அள்ளிப் போட்டிருப்பார்கள். கூடத்திலிருந்து கணவர் தணிகாசலம் குரல் கொடுத்தார். "மோட்டார் தண்ணிய பூரா பாலத்துக்கே வார்த்துடு. நம்ம யாரும் குளிக்க வேணாம்." அவள் குழாயை மூடினாள். "அந்தப் பொண்ணு வந்துடுச்சாமே. அதோட செடிய ஒழுங்கா பாத்துக்கிட்டியா?" என்றார் அடுத்தபடியாக. அந்தப் பொண்ணு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மங்கை வீட்டுக்குள் எது வைத்தாள், எது பூத்தது என்று ஒருநாள்கூடக் கேட்டிராத மனிதருக்கு அந்தப் பொண்ணின் செடி மட்டும் ஞாபகம் இருக்கிறது. பாத்துக்கிட்டேன், நல்லாப் பாத்துக்கிட்டேன், பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு சொட்டு ஊற்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு வெளியே "ம்" என்றாள். அதுதான் நடந்தது, அதை அலங்கரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்குப் போனவள் நம்பி ஒப்படைத்த செடியை அவள் தண்ணீர் ஊற்றாமல் கொன்றாள். இன்று ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கூடும் நாள். இன்று தெரிந்துவிடும்.

கேனைத் தூக்கியதும் கைப்பிடி விரலை அறுத்தது. எப்போதும் அறுக்கும், எப்போதும் ஒரு துணியைச் சுற்றிக்கொள்வாள், இன்றைக்கு அறுக்கட்டும் என்று விட்டுவிட்டாள், ஏதோ அதில் கொஞ்சம் கழியும் என்பதைப் போல. இடுப்பில் செருகிய கைபேசி அதற்குள் ஒருதடவை நடுங்கியது. குழுவில் செய்தி வந்திருக்கும். பாலத்தடிப் பச்சை என்று குழுவுக்குப் பெயர், அந்தப் பெயரும் பெனிட்டா வைத்ததுதான், அதற்கு முன்னால் மங்கை வைத்திருந்த பெயர் மேம்பாலத் தோட்டக் குழு, அதில் என்ன குறை, தெளிவாகத்தானே இருந்தது, ஆனால் பாலத்தடிப் பச்சை என்று அவள் சொன்னதும் எல்லோரும் ஆகா என்றார்கள், சம்பந்தம் சார் கைதட்டினார், மங்கையும் தட்டினாள், தட்டாமல் இருக்க முடியுமா. மறுபடி நடுங்கியது. எடுத்துப் பார்க்கக் கூடாது. செத்த செடியைப் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். கீழே அழுகிற பொம்மைகளாக வரிசையாக வந்து விழுந்திருக்கும். யாரோ ஒருவர் கேட்டிருப்பார், யார் பொறுப்பில் இருந்தது என்று. தெருமுனையில் பால் பூத்துக்காரர் வணக்கம் சொன்னார், அவள் கேன் தூக்காத கையை ஆட்டினாள், அவர் முகத்தில் வழக்கத்தைவிட அதிகமாக ஏதாவது இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள், இல்லை, பால் பாக்கெட்தான் எண்ணிக்கொண்டிருந்தார், குற்றம் செய்தவளுக்குப் பால் பூத்தும் கோர்ட்டாகத்தான் தெரிகிறது.

இத்தனைக்கும் அந்த இடம் யாருடையது. யாருடையதுமில்லை, அதனால்தான் குப்பை விழுந்தது. பாலத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே ஊரிலுள்ள இளநீர்க் கூடும் பிய்ந்த மெத்தையும் கோழிக் கழிவும் வந்து சேரும், தூண்கள் ஆண்களுக்கென்றே கட்டிவிட்டது மாதிரி நனைந்துகொண்டிருக்கும், வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போகிற வழி என்பதால் மங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு தினம் இரண்டு தடவை கடப்பாள். ஒருநாள் என்ன தோன்றியதோ, கடைக்குப் போகாமல் விளக்குமாறும் வாளியுமாக வந்து ஒரு தூணடியைப் பெருக்கிக் கழுவிக் கோலம் போட்டுவிட்டாள். பெரிய கோலமெல்லாம் இல்லை, சாதாரண வீட்டுவாசல் கோலம். மறுநாள் ஒருவர் குப்பைப் பையோடு வந்து கோலத்தைப் பார்த்து நின்று, நாலு பக்கமும் பார்த்து, பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனதை எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தாள், அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு வரவில்லை. கோலத்துக்குப் பக்கத்தில் பழைய பெயின்ட் டின்னில் ஒரு செம்பருத்தி வைத்தாள். மாடு தின்றது. இன்னொன்று வைத்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், ஓய்வுபெற்ற தபால்காரர் சம்பந்தம் வந்தார், தூணுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் ரஃபீக் பாய் கை கழுவுகிற டிரம்மிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொன்னார், விடிவதற்கு முன்னால் வந்து மண் கொட்டி, செங்கலை நட்டு, ஆள் நடமாட்டம் தொடங்குவதற்குள் ஒன்றும் தெரியாத முகத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அனுமதி யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால்தானே மறுப்பார்கள். ஆளுக்கொரு பாத்தி என்று பிரித்ததும், ஒருத்தர் பாத்திக்கு இன்னொருத்தர் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சட்டம் போட்டதும் மங்கைதான், ஆளாளுக்குப் பாசத்தில் ஊற்றி ஊற்றி முதல் வருஷம் பாதிச் செடி அழுகிப் போயிருந்தது. ஊருக்குப் போகிறவர் மட்டும் பக்கத்துப் பாத்திக்காரரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நல்ல சட்டம். அந்தச் சட்டம் இருந்ததால்தான் ஒரு மாதமாக வேறு யாரும் அந்தக் காகிதப்பூவின் பக்கம் போகவில்லை. தான் போட்ட சட்டம் தனக்கே இப்படிப் பயன்படும் என்று அவள் அன்றைக்கு நினைத்திருப்பாளா.

பெனிட்டா வந்தது அதற்கப்புறம். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிற வேலை, சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், வாயைத் திறந்தால் அக்கா எக்கா ஆகிவிடும், முப்பது வயசுக்கு மேல் சொல்ல முடியாத முகம், சிரித்தால் பாய் கடையில் டீ குடிக்கிறவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். வந்த அன்றைக்கே ஒரு காய்ந்த குச்சியைத் தலைகீழாக நட்டாள். தலைகீழாக! மங்கை பார்த்தாள், பார்த்துவிட்டுச் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டது அப்போதே மனசில் ஏதோ இருந்ததால்தானா, இல்லை, புதிதாக வந்தவளை எதற்குக் கூச்சப்படுத்த வேண்டும் என்றுதான், அப்படித்தான் இருக்க வேண்டும். அந்தக் குச்சி துளிர்த்தது. சம்பந்தம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "கைராசிம்மா உனக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தை. அதற்கப்புறம் யார் எதை வைத்தாலும், "பெனிட்டா, நீ ஒரு பிடி மண்ணு போடு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் ஓடி வருவாள், பெருவிரலால் மண்ணை அழுத்துவாள், குழந்தையின் கன்னத்தை அழுத்துகிற மாதிரி, அது வளரும். ஏன் வளர வேண்டும். அதே மண், அதே டிரம் தண்ணீர், அதே சாண எரு. மங்கை அந்தப் பெருவிரலைக் கண் எடுக்காமல் பார்த்திருக்கிறாள். நகத்தில் சாயம் போயிருக்கும், ஓரத்தில் ஒரு சின்னத் தழும்பு, வேறு விசேஷமில்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது தன் பெருவிரலையும் பார்த்தாள். பருமனாக, ஜெராக்ஸ் மிஷினின் கறுப்பு ஏறிய ரேகையோடு, ராசியில்லாத விரல் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

ராசி என்ற வார்த்தை அவளுக்குப் புதிதில்லை. நாத்தனார் மகளின் வளைகாப்பில் எல்லோரும் வரிசையாகப் போய் வளையல் போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தபோது மங்கை கையில் தட்டைக் கொடுத்தார்கள். "நீ தட்டப் பிடிச்சுக்கோம்மா, உனக்குத்தான் கை நடுங்காது." கை நடுங்காது! எவ்வளவு நாசூக்கு. பிள்ளை பிறக்காத கையால் வளையல் போட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை, வளையல்கள் தட்டில் குறைந்துகொண்டே போயின, கடைசியில் வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உண்மையாகவே கை நடுங்கவில்லை. அதெல்லாம் ஆறிப்போன விஷயம் என்றுதான் இருந்தாள். பாலத்தடியில் குப்பை நாற்றத்துக்கு நடுவில் குனிந்து மண்ணைக் கிளறியபோது, இங்கே அதெல்லாம் கிடையாது, இங்கே நான் வைத்தால் வளரும் என்று இருந்தது, அதற்காகத்தான் வந்தாள் என்றுகூடச் சொல்லலாம், ஊரை அழகாக்க வந்தேன் என்பதெல்லாம் கேட்பவர்களுக்குச் சொல்வது. அங்கேயும் ஒருத்தி ராசியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளே. கேன் முழங்காலில் இடித்தது, தண்ணீர் தளும்பிப் புடவை நனைந்தது, செருப்பு வழுக்கியது, கைபேசி நடுங்கியது, நடுங்கட்டும்.

தை மாதத்தில்தான் அது நடந்தது. மாடு தின்ற செம்பருத்திக்குப் பதிலாக வைத்த அடுக்குச் செம்பருத்தி முதல்முறையாக மொட்டுவிட்டிருந்தது, ஒன்றிரண்டு இல்லை, கிளைக்குக் கிளை. பாலத்தடியில் ஒரு வழக்கம் உண்டு, ஒரு செடி முதல் தடவை பூத்தால் ரஃபீக் பாய் எல்லோருக்கும் சும்மா டீ தருவார், பூ டீ என்று பெயர், யார் வைத்த செடியோ அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லித்தான் முதல் கிளாஸை நீட்டுவார். அதுவரைக்கும் வந்த பூ டீயில் பெரும்பாலும் பெனிட்டா பெயர்தான். மறுநாள் கல்லூரிப் பிள்ளைகள் தோட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது, மொட்டுகள் விரியத் தயாராக இருந்தன, மங்கை பாயிடம்கூடச் சொல்லி வைத்திருந்தாள், நாளைக்குப் பால் கொஞ்சம் கூடவே வாங்குங்க என்று. காலையில் போய்ப் பார்த்தால் மொட்டெல்லாம் மண்ணில் கிடந்தன. பச்சைக் காம்போடு, விரியாமல், இறுக மூடிய வாயோடு. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெனிட்டாதான் முதலில் ஓடி வந்தாள், முதுகைத் தடவினாள், "பூச்சியா இருக்கும் எக்கா, வேப்பெண்ணெய் அடிச்சா சரியாயிடும்" என்றாள், சாயங்காலமே வேப்பெண்ணெய் பாட்டிலும் வாங்கிக் கொடுத்தாள், அவள் கண்கூடக் கலங்கியிருந்தது. அந்த நல்ல மனசுதான் மங்கையால் தாங்க முடியாமல் போனது. கெட்டவளாக இருந்து தொலைத்தால் எவ்வளவு சுலபம். வேப்பெண்ணெய் அடித்தாள், எரு வைத்தாள், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள், செம்பருத்தி அதற்கப்புறம் மொட்டே வைக்கவில்லை. பூச்சியுமில்லை ஒன்றுமில்லை, கைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மொட்டு வரைக்கும்தான் வரும், அதற்கு மேல் தங்காது, இந்தக் கைக்கு அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

காகிதப்பூ பெனிட்டாவின் செல்லம். தூணின் வெளிப்புறம் வெயில் விழுகிற ஓரத்தில், மங்கையின் செம்பருத்திக்கு ஒரு கை தூரத்தில் வைத்திருந்தாள். கொழுகொழுவென்று இலையாகவே ஏறி, தூணிலிருந்த சுவரொட்டியையும் மூத்திரக் கறையையும் மறைத்துப் பாலத்தின் கைப்பிடி வரை தொட்டுவிட்டது, பூ மட்டும் வரவில்லை. "இது மட்டும் பூத்துச்சுன்னா பாலமே ராணி கலர் ஆயிடும்" என்று சம்பந்தம் சார் வாராவாரம் சொல்வார், மங்கை வாராவாரம் சிரிப்பாள், பூத்துவிடக் கூடாது என்று வாராவாரம் வேண்டிக்கொள்வாள், எந்தச் சாமியிடம் இதை வேண்டுவது என்று தெரியாமல் பொதுவாக வேண்டிக்கொள்வாள். மாசிக் கடைசியில் பெனிட்டாவின் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் என்று தகவல் வந்தது. பையை மாட்டிக்கொண்டு பாலத்தடிக்கு வந்தவள் மங்கையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எக்கா, உங்களைத் தவிர யார்ட்டயும் விட்டுட்டுப் போக மனசு வரல." முதல் நாள் வேண்டுமென்று விடவில்லை. செம்பருத்திக்கு ஊற்றி முடித்தபோது வாளி காலியாகிவிட்டது, நாளைக்குச் சேர்த்து ஊற்றலாம் என்று நினைத்தாள். மறுநாள் வாளியில் தண்ணீர் இருந்தது. இருந்தும் நின்றாள். இலைகள் பளபளவென்று அவளைப் பார்த்தன. செம்பருத்திக்கே இரண்டாம் தடவை ஊற்றினாள். அதற்கப்புறம் அது ஒரு பழக்கம் மாதிரி ஆகிவிட்டது, வருவாள், தன் செடிக்கு வழிய வழிய ஊற்றுவாள், பக்கத்துப் பாத்தியில் மண் வெளுப்பதை ஓரக்கண்ணால் பார்ப்பாள், வெடிப்பு விட்டபோது வயிற்றில் ஒரு குளிர்ச்சி ஓடியது, அதைக் குளிர்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும், சீ என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள், மறுநாள் வருவாள், ஊற்றமாட்டாள்.

இலை உதிர ஆரம்பித்தபோதுதான் பயம் பிடித்தது. மஞ்சளாகிக் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, சம்பந்தம் சார்கூட "வெயில் ஜாஸ்தி" என்று வானத்தைக் குற்றம் சொன்னார். அப்போதாவது ஊற்றியிருக்கலாம். இப்போது ஊற்றினால் இத்தனை நாள் ஊற்றவில்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகுமே, யாரிடம் ஒத்துக்கொள்வது, செடியிடமா, ஆமாம், செடியிடம்தான், அதன் முகத்தில் விழிக்கவே முடியவில்லை. கடையில் பரீட்சைக் கூட்டம் என்று காரணம் சொல்லி வருவதையே நிறுத்திவிட்டாள். போகும் வழியையும் மாற்றிக்கொண்டாள், பாலத்தைச் சுற்றிக்கொண்டு மார்க்கெட் வழியாகக் கடைக்குப் போனாள். போன ஞாயிறு ஒரு கல்யாணம் என்று யாருமே கூடவில்லை, தப்பித்தாள். பாயிடம் மட்டும் போனில் சொல்லியிருந்தாள், செம்பருத்திக்கு ஒரு வாளி ஊத்திடுங்க பாய் என்று. "பக்கத்துச் செடிக்கும் ஊத்திடவாம்மா, காஞ்சு கிடக்குதே?" என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றாள். "அது என் பொறுப்பு பாய், நான் வந்து ஊத்திக்கிறேன்." இதுதான், இந்த ஒரு வாக்கியம்தான் இப்போது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், உடம்பு சரியில்லை என்று சொல்லலாம், ஆனால் ஊற்ற வந்தவரை வேண்டாம் என்று தடுத்ததற்கு என்ன சொல்வது. பாய்க்கு வாய் சும்மா இருக்காது. சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னவனின் டாக்டர் பெயர் வரைக்கும் ஊருக்குச் சொல்கிற மனுஷன். இந்நேரம் சொல்லியிருப்பார். எல்லோரும் வரிசையாக நின்றுகொண்டிருப்பார்கள். பெனிட்டா அழுதுகொண்டிருப்பாள். மங்கை அக்கா ஏன் அப்படிச் செய்தாங்க என்று யாரும் கேட்கக்கூட மாட்டார்கள், எல்லோருக்கும் ஏன் என்று தெரிந்திருக்கும், அதுதான் அவமானம், பொறாமை மட்டும் எப்படியோ விளக்கம் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

ஆட்டோ ஸ்டாண்ட் வந்துவிட்டது. இதைத் தாண்டித் திரும்பினால் பாலம். கேனைக் கீழே வைத்தாள். திரும்பிப் போய்விடலாம். தலைவலி என்று குழுவில் ஒரு வரி போட்டால் போதும், இனிமேல் போகாமலே இருந்துவிடலாம், எத்தனையோ பேர் வந்து நின்றுபோயிருக்கிறார்கள். அப்புறம் கோலம்? தூணடியில் தினம் போட்டுவந்த கோலம்? அதையும் பெனிட்டா போடுவாள். அவள் போட்டால் வளைவு இன்னும் அழகாக விழும். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் முதல் கோலம் போட்டது யார் என்பதே யாருக்கும் ஞாபகமிருக்காது, இப்போதே ஆட்டோக்காரர்கள் பெனிட்டா தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள், சவாரியிடம் சொல்வதை இவள் காதால் கேட்டிருக்கிறாள். ஸ்டாண்டில் கால் நீட்டிக் கிடந்த ஓட்டுநர் எழுந்து உட்கார்ந்தார். "என்னக்கா, இங்கயே நின்னுட்ட? போ, போ, உன்னத்தான் தேடினு கீறாங்க." தேடுகிறார்களாம். சரி, முடிந்தது. கேனைத் தூக்கினாள். கால் தானாக நடந்தது, வளையல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே நிதானத்தோடு, கை நடுங்காமல், திருப்பத்தில் திரும்பினாள்.

முதலில் அது துணி என்று நினைத்தாள். யாரோ கட்சிக்காரர்கள் பாலத்திலிருந்து துணி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று. தூணின் அடியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும், அதையும் தாண்டி வெளியே வழிந்து, இலையே தெரியாமல், ராணி கலர். பூ, பூ, பூ. பேருந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. கொல்லக்கூட எனக்கு ராசியில்லையா என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு மாதம் பட்டினி போட்டும் அவளுடைய செடி இப்படிப் பூக்கிறது, ஒரு மாதம் சோறூட்டிய மாதிரி ஊற்றிய என் செடி, அதோ, இலையெல்லாம் மஞ்சளாகித் தலை தொங்கி நிற்கிறது. அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். "மங்கை வந்தாச்சு!" என்று சம்பந்தம் சார் கத்தினார். "என்னம்மா மாயம் பண்ணின? ஒரு வருஷமா பூக்காதது உன் கைக்கு வந்ததும் இப்படிக் கொட்டுதே! கைராசின்னா இதுதாம்மா." கைராசி. அந்த வார்த்தை அவளைத் தேடிக்கொண்டு வந்தேவிட்டது, வந்த நேரத்தைப் பார். பெனிட்டா ஓடி வந்து கட்டிக்கொண்டாள், அம்மாவைப் பார்த்துப் பார்த்துக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, உடம்பில் இன்னும் ஆஸ்பத்திரி வாசனை. "எக்கா, காலையில இருந்து குரூப்ல போட்டுட்டே இருக்கோம், நீங்க பாக்கவே இல்ல." பாய் கடையிலிருந்தே குரல் கொடுத்தார். "நான் ஊத்தட்டுமான்னு கேட்டேன், வேணாம்னுட்டாங்க! காகிதப்பூவக் காயப்போட்டாத்தான் பூக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க!" எல்லோரும் ஓ என்றார்கள். எந்த வாக்கியம் தூக்குக் கயிறு என்று நினைத்தாளோ அதையே மாலையாகப் போட்டுவிட்டார் மனுஷன். காயப்போட்டால் பூக்குமா? அவளுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

டீ கலக்கும் சத்தம் கேட்டது. மற்றவர்கள் பூவுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளப் போனார்கள். பெனிட்டா மட்டும் செம்பருத்தியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "இதுக்கு என்ன எக்கா ஆச்சு?" விரலை மண்ணுக்குள் விட்டாள். விரல் முழுசும் உள்ளே போய்ச் சேறோடு வெளியே வந்தது. எட்டிப் பக்கத்துப் பாத்தியில், தன் பாத்தியில், விரலை வைத்தாள். நகம்கூட இறங்கவில்லை. மண் கல்லாக இருந்தது. அவள் இன்னொரு தடவை செம்பருத்தி மண்ணைத் தொட்டாள், இன்னொரு தடவை தன் மண்ணைத் தொட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பாய் சொன்ன விளக்கமெல்லாம் உதிர்ந்துபோயிற்று. மங்கை கேனை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள், முழங்கால் படக்கென்றது.

"ஊத்தல" என்றாள்.

"தெரியுது எக்கா."

"பூக்கணும்னு இல்ல. சாகணும்னுதான் ஊத்தல."

சொல்லியாகிவிட்டது. வாய் கசந்தது. பெனிட்டா எழுந்து போவாள், எல்லோரையும் கூப்பிடுவாள், கூப்பிடட்டும். அவள் போகவில்லை. விரலிலிருந்த சேற்றைச் செங்கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தாள், சேறு போன பிறகும் தேய்த்தாள். "எக்கா, அந்தக் காலேஜ் பிள்ளைங்க வந்த அன்னைக்கு" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "உங்க மொட்டு தானா விழல. பூச்சியும் இல்ல. விடியறதுக்கு முன்னாடி வந்து நான்தான் கிள்ளிப் போட்டேன்." பாலத்தின் மேல் லாரி ஒன்று போனது, தூண் அதிர்ந்தது, ராணி கலரில் இரண்டு மூன்று இதழ் வந்து மடியில் விழுந்தது. "நான் எத்தனை வச்சாலும், மங்கை அக்கா தோட்டத்துல பெனிட்டா வச்சதுன்னுதான் சொல்லுறாங்க. மங்கை அக்கா கோலம், மங்கை அக்கா சட்டம். எங்கம்மாட்ட போன் பண்ணி அழுதிருக்கேன் எக்கா. வேப்பெண்ணெய் வாங்கிட்டு வந்த அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல."

மங்கை கோபத்தைத் தேடினாள். வீட்டுச் சாவியைத் தேடுகிற மாதிரி எல்லா இடத்திலும் தேடினாள், வர வேண்டிய இடத்தில் அது இல்லை. மொட்டு உதிரவில்லை. கிள்ளிப் போட்டது. அப்படியானால் அது விரிந்திருக்கும், எல்லாமே விரிந்திருக்கும், இந்தக் கை வைத்த செடி மொட்டுக்கு மேலும் போயிருக்கும். அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று அதற்குப் பின்னாலேயே, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, ஏறி வந்தது. தன்னைப் பார்த்து ஒருத்தி வயிறெரிந்திருக்கிறாள். இந்தச் சிரிப்பும் இந்த விரலும் உள்ள ஒருத்தி, விடியும் முன் எழுந்து வந்து, போனில் அழுது, அந்த அழுகை நாகர்கோவில் வரைக்கும் போயிருக்கிறது, முகம் தெரியாத ஒரு அம்மா மங்கை என்கிற பெயரைக் கேட்டு யார்டீ அவ என்று கேட்டிருப்பாள். பெனிட்டாவின் கண்ணீர் செங்கல்லில் சொட்டியது. அதைத் துடைத்துவிட வேண்டும் என்று தோன்றியது, துடைத்தும் விட்டாள், ஆனால் வாயில் வந்தது வேறு.

"எத்தனை மொட்டு கிள்ளின?"

பெனிட்டா நிமிர்ந்து விழித்தாள். "எண்ணல எக்கா. கை நிறைய."

"கை நிறையவா?"

"ரெண்டு கை நிறைய."

ரஃபீக் பாய் தட்டில் டீயோடு வந்து நின்றார். முதல் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு, "பூ டீ! யார் பேரைச் சொல்லட்டும்?" என்றார் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்து. "மங்கை அக்கா பேரச் சொல்லுங்க" என்றாள் பெனிட்டா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வேணாம் பாய், காகிதப்பூ அவளோடது, அவ பேரையே சொல்லுங்க" என்றாள் மங்கை. பாய் தொண்டையைத் திறந்து பெனிட்டா பெயரைப் பாலம் எதிரொலிக்கச் சொல்லிவிட்டு கிளாஸை நீட்டினார். அடுத்த கிளாஸை மங்கையிடம் நீட்டியபோது அவள் ஒரு கையால் வாங்கிக்கொண்டு இன்னொரு கையையும் நீட்டினாள்.

"எனக்கு ரெண்டு குடுங்க பாய்."

"எதுக்கும்மா ரெண்டு?"

"ஒண்ணு தை மாசத்துது" என்றாள். "பேர் சொல்லிக் குடுங்க."

பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சொன்னார்.